மூன்று வருஷம் குடித்த உப்புத் தண்ணீர்

கண்டனூரில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம். வாயில் வைக்க முடியாது. அதில் பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் ஊருணிதான். அறுபதுகளின் கடைசியில், ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு, என் எட்டு வயது மகளைத் தண்ணீர் எடுக்க அங்கே அனுப்பினேன். நான்கு வயதுத் தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டே, "வெரசாப் போயிட்டு வாடி" என்று கத்தியவள் நான்தான். படியில் பாசி. குடம் மட்டும் மிதந்தது.

காரியம் முடிந்த மறுநாள், இனி ஊருணித் தண்ணீர் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் யார் வாதாடுவார்கள்? தச்சு வேலை முடித்து வரும் என் கணவர் ஒரு வார்த்தை பேசாமல் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார். வேகாத பருப்பையும் சாப்பிட்டார். ஊருணியைக் கண்ணால் பார்க்காமல் இருந்தால் நெஞ்சு ஆறும் என்று நம்பினேன். எங்கே ஆறியது? தொண்டையில் கரிக்கும்போதெல்லாம் அவள்தான் வந்து நின்றாள். இந்த மரமண்டைக்கு அது உறைக்க மூன்று வருஷமானது.

மகனுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள், டம்ளரை வாயில் வைத்ததும் துப்பினான்.

"கரிக்குதும்மா. அக்கா கொண்டாருமே, அந்தத் தண்ணி குடு."

அவனுக்கு அது நினைவிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. குடத்தை எடுத்தேன். கணவர் என்னைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. நான் போகிறேன் என்று இந்த மனுஷன் சொல்லக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது.

உச்சி வெயில். அதே படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். அழுது ஓய்ந்த பிறகும் வலி இம்மிகூடக் குறையவில்லை. அது குறையாது, அதோடுதான் இருக்க வேண்டும் என்று அங்கேதான் ஒப்புக்கொண்டேன். குடத்தை அமுக்கி நிரப்பி இடுப்பில் வைத்தேன். கனத்தது, ஆனால் நடக்க முடிந்தது.

மகன் குடித்துவிட்டுத் தூங்கினான். கணவரிடம் ஒரு செம்பு நீட்டினேன்.

"மூணு வருஷமா வாயத் தொறக்காமக் குடிச்சீகளே. என்னய ரெண்டு திட்டுத் திட்டியிருக்கலாம்ல?"

அவர் குடிக்காமல் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வேணாம்னு சொன்னது எனக்கும் தோதாப் போச்சு. அங்குட்டுப் போக எனக்குத் தைரியமில்ல."

மகள் போன பிறகு அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். பெற்றவள் நான் ஒருத்திதான் என்பதுபோல இத்தனை நாளும் இருந்திருக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் கையிலும் ஒரு குடம் இருந்தது.