524287

பொள்ளாச்சியிலிருந்து அக்காவைப் பெண் கேட்டு வந்தபோது அவள் பக்கத்துச் சித்தூர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணக்கு இரண்டாம் வருஷம். நான் ஆறாம் வகுப்பு. மீனாட்சிபுரத்தில் நாலு எருமை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்த அப்பாவுக்கு, மனக்கணக்கில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு.

சம்மதமா என்று அவர் கேட்டதற்கு, அக்கா ஒரு தாளில் 524287 என்று எழுதி நீட்டினாள்.

"ஒண்ணையும் இதே எண்ணையும் உட்டுப்போட்டு, வேற எதாலயாச்சும் இதை மீதியில்லாம வகுத்துக் காட்டுங்கப்பா. நாளைக்கே கட்டிக்கறனுங்க. முடியலீன்னா நான் படிச்சு முடிக்கோணும்."

"இவ்வளவுதானா அம்மிணி?" என்றார் அப்பா.

"ஏனுங்க, கல்யாணத்துக்குமா கணக்குப் போடுவாங்க?" என்று அம்மா கேட்டது அவர் காதில் ஏறவில்லை. அதற்குள் மூன்றால் வகுத்துவிட்டிருந்தார். மீதி ஒன்று. ஏழால் வகுத்தார். அதற்கும் ஒன்று. பதின்மூன்றுக்குப் பத்து மிஞ்சியது. பத்தொன்பதுக்கு மறுபடியும் அந்த ஒன்று வந்து நின்றபோது, "எந்த ஊர்ப் பிடிவாதம் இது!" என்று சிரித்தார்.

பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும் என்று அக்கா சொல்லியிருந்தாள். தினமும் பால் கறந்து ஊற்றிவிட்டு வந்ததும் அப்பா காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வகுப்பார். பாதியை என்னிடம் தள்ளுவார். எனக்கோ கல்யாணத்துக்கு எடுப்பதாகச் சொன்ன பட்டுப்பாவாடையிலேயே கண். நாலாம் நாள் எழுபத்து மூன்றால் வகுத்தேன். ஈவு 7182, மீதி ஒன்று. அந்த ஒன்றை அழித்துச் சுழியம் போட்டேன்.

"அப்பா! வகுபட்டுருச்சு!"

அம்மா சர்க்கரை டப்பாவை எடுக்க ஓடினாள். சத்தம் கேட்டு அக்கா வந்தாள். அவள் தாளைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா தாளை வாங்கினார். வெகுநேரம் அதையே பார்த்தார். அப்புறம் என் தலையில் கை வைத்தார்.

"ரெண்டு மூணு ஆறு, கண்ணு. பெருக்கிப் பார்த்தா ஆறுலதான் முடியும். ஏழு எங்கிருந்து வரும்?"

சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, பெண் படிப்பை முடிக்கட்டும் என்று கல்யாணத் தரகரிடம் சொல்லப் புறப்பட்டார். நான் அழுதேன். அக்கா என்னைத் திட்டாமல், அம்மா எடுத்த சர்க்கரையில் ஒரு பிடி அள்ளி என் வாயில் போட்டாள்.

அப்பா கணக்கை மட்டும் விடவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க வகுத்துக்கொண்டே போனார். 719-ஆலும் வகுத்து முடித்ததும், "இதுக்கு மேல வேண்டாமுங்கப்பா, அடுத்த பகா எண்ணை அதாலயே பெருக்குனா இந்த எண்ணைத் தாண்டிரும். இது பகா எண்ணேதான்" என்று அக்கா நிறுத்தினாள். தோற்ற மனிதரின் முகத்தில் அவ்வளவு நிறைவை நான் பார்த்ததில்லை.

பல வருஷம் கழித்து, நான் கல்லூரிக்குப் போனபோது, அக்காவின் பழைய பாடப்புத்தகம் எனக்கு வந்தது. அதில் பகா எண்களின் வரிசையில் 524287 அச்சாகியிருந்தது, பென்சில் அடிக்கோட்டுடன். முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று என் பொய்யை ஒரே வார்த்தையில் உடைத்திருக்கலாம். உடைக்காமல் அவள் எதற்காகக் காத்து நின்றாள் என்பது, வாயில் சர்க்கரை கரைந்துகொண்டிருந்த எனக்கு அன்று தெரியவில்லை.