யோகேஸ்வரி ஏஜென்ட்டுக்குச் சோறு போட்ட கதை

யோகேஸ்வரிக்குக் கடவுள் தொண்டையைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்துவிட்டார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி இறங்கினால் வருகிற குப்பத்தில் அவள் மீன் ஏலம் விடுகிறவள். விடிகிற நேரத்தில் படகு கரையேறி, மணலில் மீனைக் கொட்டியதும் அவள் விலை கூவ ஆரம்பிப்பாள். தோப்புக்கு அந்தப் பக்கம் ரிசார்ட்டில் தூங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் கடலில் ஏதோ ஆபத்து என்று பதறி எழுந்து மேனேஜரைக் கூப்பிடுவார்கள். மேனேஜர் இரண்டு தடவை வந்து, "கொஞ்சம் மெதுவா கூவக் கூடாதா மேடம்?" என்று கேட்டுப் பார்த்தார்.

"மெதுவா கூவினா மீனு மெதுவா நாறுமா சார்?" என்றாள் அவள். மூன்றாம் தடவை அவர் வரவில்லை. சங்கரா மீன் வாங்க ஆள் அனுப்பினார்.

அவள் புருஷன் கங்காதரன் இதற்கு நேர்மாறு. ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். ஒரு நாளைக்கு மொத்தம் பத்து வார்த்தை பேசுவான், அதில் நாலு "ம்". மனைவி பேசி முடிக்கட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று கல்யாணமான புதிதில் காத்திருந்தான். இன்னும் காத்திருக்கிறான்.

இவர்களுக்கு ஒரே பெண், காயத்ரி. இரண்டாம் வகுப்பு. அப்பன் முகம், ஆத்தாள் வாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வலைக் குவியல் நிழலில் அப்பன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் அவனை ஏலம் விட்டது.

"கங்காதரன்! பழைய சரக்கு! பல்லு ரெண்டு இல்ல! கொறட்ட சும்மா தரேன்! அஞ்சு ரூபா... அஞ்சு ரூபா... இன்னாப்பா, யாருமே கேக்க மாட்றீங்க? சரி, மூணு ரூபா!" சுற்றி நின்ற கூட்டம் விலை ஏற்றவில்லை என்றதும் அப்பனின் காதைப் பிடித்து மடக்கிக் காட்டியது. "செவுளப் பாரு, செவசெவன்னு கீது! இன்னிக்கிப் புடிச்சதுப்பா!"

பக்கத்துப் படகு லோகு இதைப் போனில் வீடியோ பிடித்துப் போட்டுவிட்டான். இரண்டு நாளில் மதுராந்தகம், செய்யூர் என்று எங்கெங்கோ இருந்து பார்த்தார்கள். கடைசி வரை கங்காதரனை ஒருவரும் மூன்று ரூபாய்க்குக் கேட்கவில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அதற்காக ஒரு "ம்" கூடச் செலவழிக்கவில்லை.

அடுத்த வாரமே ஒரு ஆள் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, பிடரியில் மாட்டிய கறுப்புக் கண்ணாடி, கையில் இரண்டு போன். அதில் ஒன்று எப்போதும் அடிக்காது. பெயர் ஜெயக்குமார், ஆனால் "ஜே.கே.ன்னே கூப்பிடுங்க" என்றார். நீட்டிய அட்டையில் 'குழந்தை நட்சத்திர ஏஜென்ட், டேலன்ட் மேனேஜர், எண் கணித ஆலோசகர்' என்று இருந்தது.

"உங்க பாப்பா முகத்துல ஒரு பிஸ்கட் விளம்பரம் தெரியுதும்மா" என்றார்.

யோகேஸ்வரி காயத்ரியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவளுக்குக் காலையில் தின்ற இட்லிதான் தெரிந்தது. ஆனால் 'ஏஜென்ட்' என்று அட்டையில் இருந்ததே, அதில்தான் அவள் விழுந்தாள்.

அந்தக் கரையில் ஏஜென்ட் என்றால் தனி மரியாதை. வலை வாங்க, இன்ஜின் வாங்கப் பணம் இல்லாதவனுக்கு முன்பணம் கொடுப்பவர் ஏஜென்ட். பிறகு அவன் பிடிக்கிற மீன் அவர் மூலமாகவே விற்கும். விற்றதில் கமிஷன் எடுத்துக்கொள்வார். படகு வெறுங்கையோடு வந்தால் அன்று அவருக்கும் வெறுங்கை. இத்தனை வருஷமாக யோகேஸ்வரி பார்த்த ஏஜென்ட் எல்லாம் இந்த ஜாதிதான். ஆகவே ஜே.கே.யும் பெண்ணுக்கு முன்பணம் கொடுத்து, நடித்து வருகிற காசில் கமிஷன் எடுப்பார் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அவரைக் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று யாராவது கேட்பார்களா?

ஜே.கே. மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் சரியாகச் சாப்பாட்டு நேரத்தில். முதல் நாள் வஞ்சிரம் வறுவல், இரண்டாம் நாள் இறால் தொக்கு, மூன்றாம் நாள் நண்டு. நண்டை உடைக்கத் தெரியாமல் அவர் திணறியபோது யோகேஸ்வரியே உடைத்து இலையில் வைத்தாள். கமிஷன் இருபது பர்சன்ட் என்றார். அவள் பேரம் பேசி ஆறுக்குக் கொண்டு வந்தாள். அவர் நண்டைச் சப்பிக்கொண்டே, "சரிம்மா, உங்களுக்காக" என்று உடனே இறங்கி வந்தார்.

இத்தனை சுலபமாக ஒருவன் விலையில் இறங்கினால் சரக்கில் கோளாறு என்று அவளுக்குத் தெரியாதா? மீனாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அன்று சாயங்காலமே குப்பம் முழுக்கச் சொல்லியாயிற்று. எதிர் வீட்டு ஆதியம்மாளிடம் இரண்டு தடவை சொன்னாள், முதல் தடவை சரியாக வயிறு எரியவில்லை என்று. "என் பொண்ணுக்கு ஏஜென்ட்டு முன்பணம் தரப் போறாருக்கா. ஆறு பர்சன்ட்டுக்கு மடக்கிட்டேன்!" இனி வெறுங்கையோடு திரும்பினால் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது. அதை அவளே தன் வாயால் ஏற்பாடு செய்துகொண்டாள்.

செங்கல்பட்டில், ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் ஜே.கே. நடத்திய நடிப்புத் தேர்வு. யோகேஸ்வரி காலை ஏலத்தை முடித்த கையோடு, சுருக்குப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு, பட்டுப் பாவாடை கட்டிய காயத்ரியை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். உள்ளே ஐம்பது அறுபது பிள்ளைகள். முருகன் வேஷத்தில் மட்டும் ஐந்து பேர். அதில் இரண்டு முருகன்கள் ஒரே அட்டை மயிலுக்காகச் சண்டை போட்டு, மயிலின் கழுத்து ஒருவனிடமும் வால் ஒருவனிடமும் இருந்தது. ஒரு குட்டிப் போலீஸ், தொப்பி கண்ணை மறைத்ததால், தூணில் முட்டிக்கொண்டு நின்றது. எண்ணெய் விளம்பரம் கிடைக்கும் என்று ஒரு தாய் தன் பிள்ளையின் தலையில் அரை லிட்டரைக் கொட்டிக் கூட்டி வந்திருந்தாள். அது போகிற இடமெல்லாம் சுவரில் தடம் விழுந்தது.

பக்கத்து நாற்காலியில் மதுராந்தகத்து ரேணுகா. மயில் வாலை வைத்திருந்த முருகனின் அம்மா. "நாங்க பணம் கட்டிட்டோம். நீங்க?" என்று கேட்டாள்.

"கட்றதா? வாங்கறதுக்கில்ல வந்துகீறேன்" என்றாள் யோகேஸ்வரி. அந்த அம்மாவுக்கு விவரம் போதாது என்று பரிதாபப்பட்டாள்.

அவள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் ஜே.கே. சிரித்தார். "ரெஜிஸ்ட்ரேஷன், போட்டோ ஆல்பம் எல்லாம் சேர்த்து பதினெட்டாயிரம். நீங்க கட்டிட்டா இன்னிக்கே பாப்பாவோட ஃபைல் மும்பைக்குப் போயிடும்மா."

"நான் கட்டணுமா?" யோகேஸ்வரிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "இன்னா சார் நீ! நானும் கமிஷன் வேலதான் பாக்கறேன். மொதல்ல நீ பணம் குடு, அப்பறமா உன் மீன விக்கறேன்னு படகுக்காரன்கிட்ட சொன்னா, என்னத் தூக்கிக் கடல்ல போட்ருவான். மீனு வித்தாதான் எனுக்குக் காசு."

"மீன் வேற, சினிமா வேறம்மா."

"நாறாம இருந்தா ரெண்டும் ஒண்ணுதான் சார்."

ஜே.கே. கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தினார். பிஸ்கட் கம்பெனி காயத்ரியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறதாம், சாயங்காலத்துக்குள் முடிக்காவிட்டால் வேறு பிள்ளைக்குப் போய்விடுமாம். "நண்டு போட்ட கை உங்க கை. உங்களுக்கு மட்டும் பாதி."

பாதி என்றதும் யோகேஸ்வரிக்குப் புத்தி தடுமாறியது. வாசலில் நின்று சிரிக்கப் போகிற ஆதியம்மாள் கண்ணுக்குள் வந்து நின்றாள். சுற்றிலும் எல்லாரும் கட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேருமா முட்டாள் என்று நினைத்தாள். இத்தனை பேரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? பேனாவை வாங்கி முதல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அதற்குக் கீழே இருந்த தாளைப் படித்தாள். படப்பிடிப்பு நாட்களில் குழந்தை டேலன்ட் மேனேஜரின் பொறுப்பில் இருக்கும், பெற்றோர் உடன் வரக் கூடாது என்று இருந்தது.

"இது இன்னா சார்?"

"ஹைதராபாத்ல பத்து நாள்தான். அம்மா பக்கத்துல இருந்தா குழந்தைக்கு நடிப்பு வராதும்மா."

இங்கே பேனாவைக் கீழே போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பத்து நாள்தானே என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவளை நானும் மன்னிப்பதாக இல்லை. அப்பா கையெழுத்தும் வேண்டும், போனில் சம்மதம் சொன்னாலும் போதும் என்று ஜே.கே. அவசரப்படுத்தினார். கங்காதரனுக்குப் போன் போட்டு, எப்படியும் "ம்" என்பான் என்ற தைரியத்தில் விஷயத்தைச் சொன்னாள்.

கங்காதரன் "ம்" சொல்லவில்லை.

"போன வருசம் நம்ம கரையில வெளம்பரம் எடுக்க வந்தாங்கல்ல, நம்ம படகுகூட வாடகைக்கிப் போச்சே" என்றான். "அதுல நடிச்ச புள்ளைங்க பக்கத்துலயே அம்மாமாருங்க கொட புடிச்சிகினு குந்திகினு இருந்தாங்க. புள்ளைங்க நடிக்கணும்னா கலெக்டர் பர்மிசன் வோணுமாம், அந்தப் பேப்பர் வெச்சிருந்தாங்க, நான் பாத்தேன். யாரும் அவங்ககிட்ட காசு கேக்கல. குடுத்தாங்க." மூச்சு வாங்கிக்கொண்டான். "உன் புள்ளைய எவன் கூடயோ தனியா அனுப்புவியாடி?"

போனை வைத்துவிட்டான். யோகேஸ்வரிக்கு அவன் சொன்னதைவிட, அத்தனை வார்த்தைகளை அவன் ஒரே நாளில் செலவழித்ததுதான் முதலில் உறைத்தது. பிறகு மற்றதும் உறைத்தது. காயத்ரியை இழுத்துத் தன் காலோடு சேர்த்து நிறுத்திக்கொண்டாள்.

"சார், கலெக்டர் பேப்பர் கீதா?"

"அது... ப்ராசஸ்ல இருக்கும்மா."

"கலெக்டர் ஆபீஸு இந்த ஊர்லதான கீது? வா, ஆட்டோ புடிக்கறேன். எத்தினி தூரம் ப்ராசஸ் ஆயிகீதுன்னு கேட்டுகினு வந்துரலாம்."

எப்போதும் அடிக்காத போன் அப்போது அடித்துவிட்டது போலும், ஜே.கே. அதைக் காதில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க மும்பை!" என்று எழுந்தார். யோகேஸ்வரி நாற்காலிமேல் ஏறினாள். கடற்கரையில் கூவுகிற அதே தொண்டையில், மண்டபத்து ஃபேன் எல்லாம் நின்று கேட்கிற மாதிரி கூவினாள்.

"யம்மா! யப்பா! இந்த ஆளு மூலமா ஒரு ரூபா, ஒரே ஒரு ரூபா யாரு வூட்டுப் புள்ளையாவது சம்பாரிச்சிகீதா? கீதுன்னா கைய தூக்குங்க!"

ஒரே ஒரு கை எழுந்தது. அது வால் வைத்திருந்த முருகன். அவனுக்கு அவசரமாக ஒண்ணுக்குப் போக வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. ஜே.கே. பின்பக்க மாடிப்படிக்கு ஓடினார். எண்ணெய்ப் பிள்ளை ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவரைக் கட்டிக்கொண்டது. அதன் பிடியிலிருந்து அவர் வழுக்கிக்கொண்டு போய்விட்டார், ஆனால் பணப்பை கீழே விழுந்துவிட்டது. ரேணுகா அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, போலீஸ் வரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றாள். கண் தெரியாமல் நின்ற குட்டிப் போலீஸ், "நான் வந்துட்டேன்" என்றது. உண்மையான போலீஸ் அரை மணி கழித்து வந்து எல்லாரிடமும் புகார் எழுதி வாங்கிக்கொண்டார்கள். யோகேஸ்வரி தான் கையெழுத்துப் போட்ட தாளை மேசையிலிருந்து உருவிக்கொண்டாள்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆதியம்மாளுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தாள் யோகேஸ்வரி. காயத்ரி அந்தத் தாளை மடியில் விரித்து, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"யோ... கே... ஸ்வ... ரி. யம்மா, இதுல உன் பேரு கீது."

"ம்" என்றாள் யோகேஸ்வரி.

"அப்பா திட்டாம இருந்திருந்தா, அந்த சார் கூட என்ன அனுப்பியிருப்பியா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஏழு வயதுப் பிள்ளை, நம்பிவிடும். யோகேஸ்வரி வெளியே பார்த்தாள். பிறகு திரும்பிப் பெண்ணைப் பார்த்தாள்.

"அனுப்பியிருப்பேன்டி" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. "உன் ஆத்தாளுக்குப் புத்தி கெட்டுப்போச்சி. தப்புதான்டி."

காயத்ரி அந்தத் தாளை மடித்து அம்மாவின் சுருக்குப் பையில் திணித்தாள்.

"அப்போ எனுக்கு ரெண்டு ஐஸ்கிரீம்" என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது ஜன்னல் வழியாகவே இரண்டும் வாங்கிக் கொடுத்தாள் யோகேஸ்வரி. காயத்ரி ஒன்றைத்தான் வாங்கிக்கொண்டாள். இன்னொன்றை அம்மாவே பிடித்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. பெண்ணின் மற்றொரு கை அம்மாவின் சேலையை இறுக்கிப் பிடித்திருந்தது. ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிந்தும் அந்தக் கையை எடுக்கவில்லை.