மற்றும் பலர்

நம் வானொலி நேயர் மன்றத்திலிருந்து தன் பெயரை வெட்டச் சொல்லி, ஹல்துமுல்லைத் தோட்டத்துப் பாக்கியம் அம்மா இன்று காலை என் கடைக்கு வந்தார்.

"ஏம்மா, பாட்டு புடிக்கலையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"பாட்டு கெடக்கட்டும் மொதலாளி. மகன் மொனராகலையில கரும்பு வெட்டுறான். ரேடியோவுல ஆத்தா பேரு வந்தா சொகமா இருக்கேன்னு நெனச்சுக்குவான். மூணு வாரமா வரல. செத்துட்டேன்னு பயந்து வேலையப் போட்டுட்டு நேத்து ஓடி வந்துட்டான். அங்க வேற ஆளச் சேர்த்துட்டாங்களாம்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்றத்துக்காகப் பாட்டு விரும்பிக் கேட்டு வானொலிக்குத் தபால் அட்டை எழுதுகிறவன் நான். முதலில் கடைப் பெயர், பிறகு நான், மனைவி, ஆறு பிள்ளைகள், இன்னும் பேச்சு வராத கைக்குழந்தை உட்பட. அதற்குப் பிறகுதான் மன்றத்தார் உங்கள் பெயர்கள். நேரம் இருந்தால்தான் அறிவிப்பாளர் எல்லாம் வாசிப்பார்; இல்லாவிட்டால் ஏழெட்டுப் பெயரோடு "மற்றும் பலர்" என்று முடித்துவிடுவார்; மூன்று வாரமாக அப்படித்தான்.

மன்றத்தில் ஆள் குறைகிறது என்று போன மாதம் உங்களைத்தான் திட்டினேன். ஒவ்வொருவரும் வருவது தன் பெயரைக் கேட்க; என் பெயரைக் கேட்க அல்ல. இத்தனை வருடம் வியாபாரம் செய்தும் இது உறைக்கவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது.

"வெட்ட வேணாம்மா. என்ன செஞ்சா மன்றத்துல இருப்பீங்க?" என்று பாக்கியம் அம்மாவிடம் கேட்டேன்.

"ஒங்க பேரக் கடைசியில போடுங்க."

"கடைசியில போட்டா வாசிக்க மாட்டாங்களே!"

"ஆமாங்க" என்றார்.

வேறு யாருக்கும் குறை இருந்தால் இந்தத் தாளின் கீழேயே எழுதுங்கள். கதவில் பென்சில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

பாக்கியம் அம்மாவோடு பேசி முடித்தது: இனி அட்டைக்கு ஐந்து பெயர். இந்த வாரம் முதல் பெயர் பாக்கியம். என் வீட்டார் பெயர் கிடையாது. அட்டைச் செலவு மட்டும் என்னுடையது.