மூடைக்குப் பிந்தியவள்

மல்லிகைக்குக் கருணை கிடையாது. மொட்டாக மார்க்கெட் போய்ச் சேர்ந்தால் பூ, வெயில் ஏறி வாய் திறந்துவிட்டால் குப்பை. அதனால் எங்கள் தோட்டத்தில் யாருக்குத் தலைவலி என்றாலும் வயிற்றுவலி என்றாலும் முதலில் பூ மூடை கிளம்பும். அப்புறந்தான் மனுஷர்.

அன்று விடிந்தும் விடியாத நேரம். பூ எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து என்னமோ சொன்னாள். சொல் குழைந்து வந்தது.

“என்ன புள்ள, வெத்தலைய அதக்கிக்கிட்டுப் பேசுற?” என்று சிரித்தேன்.

சிரித்தேன். அதைத்தான் இன்றைக்கும் முழுங்க முடியவில்லை.

அவள் வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது. மடியில் இருந்த மொட்டெல்லாம் கொட்டியது. பூ எடுக்க வந்த அக்கா, “வெறும் வயித்துல குனிஞ்சு நின்னா கிறுகிறுன்னுதான் வரும்ப்பு, செத்த நேரம் படுக்கட்டும்” என்றாள். எனக்கும் அந்தச் சொல் தேவையாக இருந்தது. வேப்பமர நிழலில் சாக்கை விரித்துப் படுக்கவைத்தேன். சீனி தூக்கலாகக் கடுங்காப்பி ஊற்றினேன். பாதி மூக்கு வழியே வந்தது. அவளை அப்படியே விட்டுவிட்டு மூடையை வண்டியில் கட்டினேன். திண்டுக்கல் போய், எடை போட்டு, திரும்பினேன்.

வந்து பார்த்தால் வலது கை, அவளுடையது இல்லாத மாதிரி கிடந்தது. இப்போது அந்த அக்காவே, “வாதக்காத்துய்யா, புறா ரத்தம் தேய்க்கணும்” என்றாள். புறாவுக்கும் ஆள் அனுப்பினேன். புறா வந்து, கார் வந்து, ஆஸ்பத்திரி சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

“கடைசியா எத்தன மணிக்கு நல்லா இருந்தாங்க?” டாக்டர் கேட்டார்.

மூடை எடை போட்ட நேரம் நிமிஷம் பிசகாமல் தெரிந்தது. அவள் வாய் கோணிய நேரம் தெரியவில்லை.

மூளைக்குப் போகிற ரத்தக்குழாயை உறைந்த ரத்தக்கட்டி ஒன்று அடைத்திருக்கிறது, அதைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டிருக்க வேண்டும் என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

இப்போது வீட்டில் கட்டில், மூக்கில் குழாய். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். குதிகாலும் இடுப்பும் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும். முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் அவள் முதுகில் ஒரு மச்சம் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. அதைப் பார்த்து அழுவதா, பவுடர் போடுவதா?

வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுக்கிற நர்ஸம்மா முதல் நாளே அதட்டினார். “அய்யா, பூ மூடையத் தூக்குற மாதிரி அக்குளப் புடிச்சுத் தூக்காதீங்க! அந்தத் தோளு கழண்டுரும்.”

மூடை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோரும் சரியாக அந்த இடத்தில் குத்துகிறார்கள்.

அவளுக்குப் பேச்சில்லை. முழுங்கவும் தெரியவில்லை. தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கினால் காய்ச்சலாகி ஆளையே கொண்டுபோய்விடுமாம். சின்னாளப்பட்டியிலிருந்து வந்த மதினி, “தொண்ட காஞ்சு கெடக்காளே, ஒரு வாய் குடி தாயி” என்று ஆரஞ்சு ஜூஸை உதட்டில் வைத்துவிட்டார். தட்டிவிட்டேன். டம்ளர் சுவரில் அடித்து விழுந்தது.

“பச்சத் தண்ணிகூடக் குடுக்காமக் கொல்லுறியே, நீயெல்லாம் ஒரு புருசனா?” என்று மதினி கத்தினார்.

உருண்ட டம்ளரை எடுத்துவைத்தேன். அன்றைக்குக் கடுங்காப்பி ஊற்றியவனும் நான்தானே.

அவளோ இடது கையால் ரெண்டு தடவை மூக்குக் குழாயைப் பிடுங்கிவிட்டாள். மொட்டுக் கிள்ளும்போது விரல் சுண்டுமே, அதே மாதிரி. நர்ஸம்மா முடிவாகச் சொன்னார்: “வெள்ளிக்கெழம காலைல வாரேன். கெட்டிக் கூழு மூணு ஸ்பூன் இருமாம எறங்குச்சுன்னா கொஞ்சங்கொஞ்சமா வாயிலயே பழக்கலாம். எறங்கலையா, வயித்துல ஓட்ட போட்டுக் குழாய் வைக்கத்தான் டாக்டர் சொல்லுவாரு.”

வெள்ளிக்கிழமை. தலையணைகளை முட்டுக் கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்தோம். முகவாயைத் தாழ்த்திப் பிடித்தேன். முதல் ஸ்பூன். தொண்டைக்குள் ஒரு மேடு ஏறி இறங்கியது. ரெண்டாவது ஸ்பூன். ரொம்ப நேரம் கழித்து அதுவும் இறங்கியது. நர்ஸம்மா மூச்சைக் கேட்டுத் தலையசைத்தார்.

மூணாவதை வாங்கிக் கன்னத்தில் அதக்கிக்கொண்டாள். அன்றைக்கு நான் சொல்லிச் சிரித்தது போலவே, வெற்றிலை அதக்கியவள் மாதிரி.

வெளியே வண்டி ஹாரன்; தோட்டத்துப் பையன் கூப்பிட்டான். “அண்ணே, மூட கட்டியாச்சு! வெயிலு ஏறுது, பூ மலந்துரும்ணே!”

என் விரல் அவள் தொண்டைமேல் இருந்தது.

“அவசரப்படுத்தாதீங்க” என்றார் நர்ஸம்மா.

“அண்ணே!”

“மலந்தா மலரட்டும்டா!” தொண்டை கிழியக் கத்தினேன். அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபமா, கேள்வியா, ஒன்றுமே இல்லையா, தெரியவில்லை.

முழுங்கு புள்ள. ஒரே ஒரு தடவ.

ஹாரன் நின்றுவிட்டது. விரலுக்கடியில் அந்த மேடு இன்னும் ஏறவில்லை. நான் விரலை எடுக்கவில்லை.