வண்டி நின்றது, ரோடு வரவில்லை

எனக்குச் சொந்த ஊர் கலசப்பாக்கம் பக்கம். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுத்து வண்டி அனுப்புகிற வேலையில் நான் சேர்ந்த புதிது. ஜவ்வாது மலையில் சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் அந்த அழைப்பு வந்தது.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கிற சின்ன ஊரிலிருந்து ஒருவர் பேசினார். சாமை அறுக்கப்போன அவர் மனைவியைப் பாம்பு கடித்துவிட்டது. பேசியவருக்கு மூச்சு இரைத்தது. எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள், பக்கத்திலேயே இருங்கள், லைனைத் துண்டிக்காதீர்கள். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு உபதேசம் செய்வது எவ்வளவு சுலபம்!

“இன்னாங்க பண்றது? இந்தப் பாறை மேல ஏறுனாத்தான் டவர் கெடைக்குது. அவ கீழ வூட்ல கீறா.”

பேசிக்கொண்டே வண்டியை அனுப்பிவிட்டேன். ஆனால் அவர் ஊர் வரைக்கும் ரோடு கிடையாது. எங்கள் சித்தியைக் கட்டிக்கொடுத்ததும் அந்தப் பக்கம்தான், அதனால் எனக்குத் தெரியும். மூங்கிலில் போர்வையைக் கட்டி, டோலியாகத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கித்தான் ரோட்டைப் பிடிக்க வேண்டும். தூக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டேன். ஆண்கள் எல்லோரும் கூலி வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள், தானும் தம்பியும் மட்டும்தான் இருப்பதாகச் சொன்னார்.

அவர் தோள் இல்லாமல் டோலி நகராது. லைனில் அவரைப் பிடித்துவைத்து நான் என்ன செய்வது? “போனை வெச்சிட்டு ஓடுங்கண்ணா, அவங்களைத் தூக்குங்க,” என்றேன்.

“வண்டிய மட்டும் நிக்கச் சொல்லும்மா. வந்துர்றோம்.”

வண்டி நின்றது. ரோடு முடிகிற இடத்தில் வெகுநேரம் நின்றது. அவர்கள் வந்து சேர்ந்தபோது டோலியில் உயிர் இல்லை என்று டிரைவர் போனில் சொன்னார். அந்த மனிதர் அப்போதும் விடாமல், வண்டியில் ஏற்றச் சொல்லிக் கெஞ்சினாராம். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த அழைப்பு வந்துவிட்டது. எடுத்தேன். எடுக்காமல் இருக்க முடியுமா?

கொடுமை என்னவென்றால், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு எங்கள் அலுவலகத்தில் இப்போது அந்த ஒலிப்பதிவைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். பதற்றப்படாமல் பேசுவது எப்படி என்பதற்கு அது உதாரணமாம். வண்டி கிளம்பிவிட்டது என்று நான் சொல்கிற இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். போனை வைக்கச் சொன்னது விதிக்கு விரோதம் அல்லவா?

போன வாரம் அதைக் கேட்ட புதியவர்களில் ஒரு பெண் மட்டும், “அப்புறம் அந்தம்மா பொழைச்சாங்களாக்கா?” என்று என்னிடம் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பயிற்சி கொடுப்பவர் முந்திக்கொண்டு, “அது நம்ம வேலை இல்லம்மா, குரலை மட்டும் கவனி,” என்றார்.

அந்த ஊருக்கு இன்னும் ரோடு வரவில்லை. ரோடு வேண்டும் என்று கேட்டால் உடனே எடுத்துப் பேச ஓர் ஆள் எங்காவது உட்கார்ந்திருந்தால், அந்தப் பாறை மேல் ஏறி நின்று நானே கூப்பிடுவேன்.