உதட்டோரம் நான் வைத்த விரல்

நாலு வருடங்களுக்கு முன்பு, ஏற்காட்டில் பனி நன்றாக இறங்கியிருந்த ஒரு மார்கழிக் காலையில் நடந்தது இது. அடுப்படியில் உட்கார்ந்து என் கணவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். குடித்த காபி வாயின் இடது ஓரமாக வழிந்து சட்டையில் கொட்டியது. "சின்னப் புள்ளையாட்டம் கொட்டிக்கிறீங்களே, கழுத்துல துண்டு கட்டி உடட்டுங்களா?" என்று கேலி செய்தேன். அவரும் சிரிக்கத்தான் பார்த்தார். வலது பக்க முகம் சிரித்தது, இடது பக்கம் அப்படியே இருந்தது. என் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது.

அவர் வேலையைச் சொன்னால்தான் அந்தக் காலை எங்களுக்கு என்ன செய்தது என்று புரியும். சேலத்தில் கல்யாண பேண்ட் செட்டில் ட்ரம்பெட் ஊதிக்கொண்டிருந்தவர். பிறகு இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பேண்ட் மாஸ்டராகச் சேர்ந்தார். ட்ரம்பெட்டும் ஹார்னும் சொல்லிக்கொடுப்பார். ஹார்ன் என்றதும் பஸ் ஹார்ன் ஞாபகம் வரக்கூடாது. ஜாங்கிரி போலச் சுற்றிச் சுற்றி வளைத்த பித்தளைக் குழாய் அது. ஊதும்போது வலது கையை அதன் அகன்ற வாய்க்குள் விட்டுக்கொண்டு, அந்தக் கையாலேயே சத்தத்தைக் கனிய வைப்பார்கள். ட்ரம்பெட் அவருக்குச் சோறு போட்டது. ஆனால் அவர் ஆசையெல்லாம் ஹார்ன் மேல்தான்.

நானோ எஸ்டேட் குடும்பத்தில் பிறந்தவள். லாட்ஜில் அறை துடைத்து, படுக்கை விரிக்கிற வேலை. சங்கீதத்தில் எனக்குத் தெரிந்தது இரண்டே வகை, காது வலிப்பது, வலிக்காதது. இருந்தாலும் கூடவே வாழ்ந்ததில் ஒன்று புரிந்திருந்தது. இந்த வாத்தியங்களில் விரலுக்கு வேலை குறைவு, எல்லாம் உதடுதான். உதட்டை இறுக்கினால் சுரம் மேலே போகும், தளர்த்தினால் கீழே வரும். அந்த உதட்டில் பாதி அன்றைக்கு மரத்துப்போயிருந்தது.

முந்தின நாள் பக்கத்திலிருக்கும் மஞ்சக்குட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, மப்ளர்கூட இல்லாமல் பைக்கில் வந்திருந்தார். காற்று அடித்துவிட்டது என்றார்கள் அக்கம்பக்கத்தில். புறா ரத்தம் தடவச் சொன்னார் ஒருவர். "அதெல்லாம் அந்தக் காலமுங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, கையோடு கணவரைச் சேலத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டர் மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார். "முகத்து நரம்பு வீங்கியிருக்குது. பெரும்பாலும் தானா சரியாயிடும். முகத்துக்கு ரெஸ்ட் குடுங்க, அவசரப்படாதீங்க" என்றார். தான் ட்ரம்பெட் ஊதுகிறவர் என்பதை என் கணவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் ஊதாதே என்று சொல்லிவிடுவாரோ என்று இருவருக்குமே பயம்.

பள்ளிக்கூடம் அப்போது லீவு. திறப்பதற்குள் முகம் சரியாகாவிட்டால் என்ன செய்வது என்று அவர் சாப்பாடே இறங்காமல் கிடந்தார். "வாத்தியார் ஊதிக் காட்டோணும், அதைக் கேட்டுப் பசங்க ஊதோணும். ஊதாத வாத்தியார வெச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க புள்ள?" என்றார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஊதிக் காட்டாமல் வாயால் சொல்லியே என்னை ஊத வைப்பது. "சங்கீதம் சுத்தமா வராத உனக்கே வந்துட்டா, உலகத்துல யாருக்கும் சொல்லிக்குடுத்துடலாம்" என்றார். புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சரி என்று உட்கார்ந்தேன்.

முதலில் ட்ரம்பெட்டின் வெறும் மவுத்பீஸ், வாயில் வைத்து ஊதுகிற முனை மட்டும். "நாக்கு நுனில முடி ஒட்டியிருக்குது, அதைத் துப்பு" என்பார். துப்பினேன். எச்சில்தான் வந்தது. அப்புறம் சத்தம் வந்தது, ஆனால் தாயைத் தேடும் ஆட்டுக்குட்டியின் சத்தம். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஏனுங்க, ஊட்டுல ஆடு ஏதாச்சும் வாங்கிக் கட்டியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். முகம் கோணிய பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். கன்னத்தை ஊதாதே, வயிற்றிலிருந்து காற்றை அனுப்பு, தோளைத் தூக்காதே என்று அவர் சொல்லச் சொல்ல, பள்ளி திறப்பதற்குள் எட்டுச் சுரமும் எனக்கு வந்துவிட்டது. நாற்பதைத் தாண்டிய எனக்கு!

பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரிடம் போய் உள்ளதைச் சொன்னார். அவரும், "நீங்க வாயால சொல்லிக்குடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டார். வேலைக்கு ஆபத்தில்லை. அத்தோடு நாங்கள் நிறுத்தியிருக்கலாம். மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு, நரம்பு வருகிறபோது வரட்டும் என்று சும்மா இருந்திருக்கலாம்.

ஆனால் அதற்குள் வேறொன்று ஆரம்பித்திருந்தது. ஒருநாள் நான் ஐந்தாவது சுரத்தில் திரும்பத் திரும்பத் தப்பு செய்தேன். பொறுக்க முடியாமல் ட்ரம்பெட்டை என் கையிலிருந்து வாங்கி வாயில் வைத்துவிட்டார். இடது ஓரமாகப் புஸ்ஸென்று காற்றுப் போனதே தவிர, சத்தம் வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. யோசிக்காமல் கிட்டே போய், காற்று போகிற அந்த உதட்டோரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். "இப்ப ஊதுங்க" என்றேன்.

சத்தம் வந்தது. கரகரப்பான சத்தம்தான், ஆனால் அவருடையது. என் ஆட்டுக்குட்டிச் சத்தத்தைக் கேட்டுக்கேட்டுப் பழகிய பிறகு, அவர் சத்தம் எப்படிப்பட்டது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இருவரும் அழுதுவிட்டோம்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அதுதான் எங்களுக்கு வேலை. லாட்ஜுக்குக் கிளம்புவதற்கு முன்னால் நானே அவரை எழுப்புவேன். "எந்திரிங்க, ஊதிப்போட்டுக் காப்பி குடிக்கலாம்." அவர் சோம்பினாலும் விடமாட்டேன். எனக்குப் பிறவியிலேயே எதிலும் அவசரம். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று அவருக்கே பழமொழி சொன்னேன். அவருக்கும் அது புதிதில்லை. ஒருநாள் ஊதாவிட்டால் உதடு மறந்துவிடும் என்றுதான் அவருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அவரும் பிள்ளைகளுக்கு அதையேதான் சொல்வார். அதனால் உதடு மூடாத இடத்தில் மவுத்பீஸை வைத்து அழுத்தினார். ஊதி முடித்தால் வாயைச் சுற்றிச் சிவப்பாக வளையம் பதிந்திருக்கும். என் விரலும் வலிக்கும். முன்னேற்றம் இருந்ததே! மாசி போய்ப் பங்குனி வந்தபோது என் விரல் இல்லாமலே சத்தம் வந்தது. நான்தான் குணப்படுத்தினேன் என்று மனதுக்குள் மாலை போட்டுக்கொண்டேன்.

பள்ளி ஹார்னை ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ட்ரம்பெட்டைவிட அதற்கு மென்மையான உதடு வேண்டும். சுரங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம், உதடு கொஞ்சம் அசைந்தாலும் பக்கத்துச் சுரத்தில் போய் விழுந்துவிடும். வலது கையை உள்ளே விட்டு, கண்ணை மூடினாற்போல ஊதினார். பக்கத்துச் சுரத்தில் விழுந்தது. மறுபடி ஊதினார். மறுபடியும் விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். அவராகக் கண்ணை மூடவில்லை. வலது கண் திறந்துதான் இருந்தது. இடது கண் மட்டும் தானாக மூடியிருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்றேன். இரண்டு நாள் கழித்துச் சூடான டீயை ஊதும்போதும் அந்தக் கண் மூடியது. உதட்டைக் குவித்தால் கண் மூடிக்கொண்டது. மறுபடி சேலத்துக்கு ஓடினோம்.

இந்தத் தடவை பிசியோதெரபி செய்கிற ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். உதட்டைக் குவிக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், கண்ணைச் சிமிட்டச் சொன்னார். அப்புறம், "ஏனுங்க, முகத்துக்கு அதிகமா வேலை குடுத்தீங்களா? பலூன் ஊதறது, அந்த மாதிரி?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

"ட்ரம்பெட் ஊதுனனுங்க. நானாத்தான் ஊதுனேன். ஊட்டுல யாரும் சொல்லலீங்க."

அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பொறுமையாகச் சொன்னார். நரம்பு மறுபடி வளரும்போது சில சமயம் வழி தவறிவிடுமாம். உதட்டுக்குப் போக வேண்டியது கண்ணுக்கும் போய்ச் சேர்ந்துவிடுமாம். "அதனாலதான் இப்படி ஆச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க. சும்மா இருக்கறவங்களுக்கும் சில பேருக்கு வரும். ஆனா இந்த நேரத்துல பலவந்தமா ஊதியிருக்கக்கூடாது" என்றார். பயிற்சி கொடுத்தார். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, மெதுவாக, பூப்போல உதட்டை அசைக்கிற பயிற்சி. அழுத்துவது, இழுப்பது எதுவும் கிடையாது.

பஸ் ஸ்டாண்டில் நின்றபோது கேட்டேன். "ஏனுங்க அப்படிச் சொன்னீங்க? எழுப்பி உட்டது நான்தானே? புடிச்சு உட்டதும் நான்தானே?"

"அந்தச் சத்தம் எனக்கும் வேண்டியிருந்துச்சே புள்ள" என்றார். பஸ் மலை ஏறும் வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன்.

பயிற்சியால் பேச்சும் சாப்பாடும் சரியாகிவிட்டன. முகமும் பெரும்பாலும் நேரானது. ஆனால் உதட்டை இறுக்கினால் கண்ணும் கன்னமும் சேர்ந்து இழுக்கும். ஹார்னை அவர் மறுபடி வாயில் வைக்கவில்லை. வகுப்பில் பிள்ளைகள் ஹார்ன் ஊதும்போது, பக்கத்தில் நின்று தன் வலது கையை அதன் வாய்க்குள் விட்டு, இப்படி விரி, இப்படி மூடு என்று காட்டுவாராம். ஊதுவது அவர்கள், கனிய வைப்பது இவர் கை. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தெளியும்.

அந்த வருட விளையாட்டு விழாவுக்கு நானும் போயிருந்தேன். அணிவகுப்புக்கு முன்னால் பேண்ட் வந்தது. இவர் எதிரில் நின்று கையசைத்தார். பிள்ளைகள் அருமையாக ஊதினார்கள். ட்ரம்பெட்டுகள் மேலே ஏறுகிற இடம் வந்தது. சொல்லிக்கொடுத்தவர் உதடு சும்மா இருக்குமா? பிள்ளைகளோடு சேர்ந்து இவர் உதடும் குவிந்தது. இடது கண் மூடியது. அடுத்த ஏற்றத்திலும் மூடியது. புல் தரையில் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகள், "சார் கண்ணடிக்கிறாரு, சார் கண்ணடிக்கிறாரு" என்று கைதட்டிச் சிரித்தார்கள். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்து அவர்களோடு சேர்ந்து சிரித்தார். இந்தத் தடவை முழு முகமும் சிரித்தது. என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை. இந்தக் கட்டைவிரலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. தான் ஊதாமல் இருந்திருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்றுகூடச் சொல்வார். இருக்கலாம். ஆனால் எனக்குப் பிரியமானவர்கள் யாராவது நோயில் படுத்து மெல்ல எழும்போதெல்லாம், எழுப்பி நடக்க வைக்கத் துடிக்கிற இந்தக் கையை மடியில் வைத்து இன்னொரு கையால் பிடித்துக்கொள்கிறேன். அன்றைக்கும் இப்படிப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால், அவருடைய ஹார்ன் இன்றைக்கும் ஒலித்துக்கொண்டிருக்குமோ என்ற கேள்வி மட்டும் என்னை விடுவதில்லை.