மூன்றாம் துண்டு

கொழும்பில் ஒரு பழைய புத்தகக் கடையில், ஈரம்பட்டுக் காய்ந்த தாளின் மணம் என்னைக் கல்முனைக் கடற்கரையில் இருந்த, இப்போது இல்லாத எங்கள் குறுந்தெருவுக்கு, அந்த ஒழுங்கைக்குக் கொண்டுபோனது. அங்கே ஒரு நாவல் கிடைத்தால் தையலை வெட்டி மூன்று துண்டாக்குவோம். மாமியின் மகள் றிஸ்னா வாசித்து முடித்த துண்டு தென்னோலைக் கிடுகு வேலிக்கு மேலால் எனக்கும், என்னிடமிருந்து அடுத்த வீட்டுக்கும் போகும்.

கடைசித் துண்டு அவளிடம் இருந்த அன்று வேலியருகே கேட்டேன்: "கதையில வாறவள் கடைசியில மௌத்தாப் போறாளா, உசிரோட இருக்காளா?"

"பொறுடி. நாளைக்குத் தாறன், நீயே வாசி," என்றாள்.

மறுநாள் காலையில் கடல் ஊருக்குள் வந்தது. றிஸ்னாவும் இல்லை, ஒழுங்கையும் இல்லை.

எழுத வாசிக்கத் தெரியாத மாமி அகதி முகாமிலும், பிறகு நிவாரணமாகக் கட்டிக்கொடுத்த வீட்டிலும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்டிரவு அடுப்படிக் குசினி வரைக்கும் கேட்டிச்சி மகள், றிஸ்னா அப்பிடிச் சிரிச்சிச் சிரிச்சி வாசிச்சாள். அந்தப் புத்தகத்தில என்ன இருந்திச்சி?"

கடையில் கிடந்தது அதே நாவல், முழுதாக. நின்றபடியே கடைசிப் பகுதியை இரண்டு தரம் வாசித்தேன். அதில் சிரிக்க ஓரிடமும் இல்லை. அழுவதற்குத்தான் இருந்தது; குசினி வரைக்கும் கேட்டது விம்மலாகத்தான் இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன். மாமி கேட்பார்.